ஆறரைக் கிலோமீற்றர்

கிண்ணியாப் பாலத்தில், கரையிலிருந்து நாலாவது தூணின் தலையில்
மெழுகு தடவி ஒட்டியிருக்கிறோம்,
தீப்பெட்டியில் பாதியளவு ஒரு கருவி.
அதற்குத் தெரிந்தது ஆர்முடுகல் மட்டும்.
எங்கே நிற்கிறாய் என்று கேட்டால் சொல்லாது.
என்ன வேகம் என்றாலும் சொல்லாது.
யாராவது தள்ளினால்
தள்ளுகிறார்கள் என்று சொல்லும்,
செக்கனுக்கு இருநூறு தடவை.

கொழும்பிலிருந்து ஹேவகே சேர் கேட்பதோ மில்லிமீற்றர்.
லொறி போகையில் பக்கவாட்டில் எவ்வளவு அசைகிறது?
ஒரே ஒரு இலக்கம். வெள்ளிக்கிழமைக்கு முன்.

ஒருமுறை தொகையிட்டால் வேகம்,
மறுமுறை தொகையிட்டால் இடப்பெயர்ச்சி,
உயர்தரத்தில் படித்ததுதானே என்று
ஒரு மணித்தியாலப் பதிவை அப்படியே கொடுத்தேன்.
வரைபில் ஒரு கோடு
முதலில் தரையோடு படுத்து,
பிறகு முதுகை நிமிர்த்தி,
பிறகு நிற்கவேயில்லை.
ஜௌபர் எட்டி வாசித்தான்:
ஆறாயிரத்து நானூற்று எண்பது மீற்றர்.
பாலம் எழும்பிக் கொட்டியாரக் குடாவுக்குள்
ஆறரைக் கிலோமீற்றர் போய்விட்டது.
"மூதூருக்கு இனி பஸ் தேவையில்லை" என்றான்.
எங்கள் காலடியில் அதே பாலம்.
மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்கள்
தண்ணீர் சொட்டச் சொட்டப் போய்க்கொண்டிருந்தன.

பிழை மிகச் சிறியது.
ஒருவரும் தொடாதபோதும் கருவி
ஆயிரத்தில் ஒரு பங்கு தள்ளுகிறார்கள் என்கிறது.
வெயிலாக இருக்கலாம்.
மெழுகு இளகி மயிரளவு சாய்ந்திருக்கலாம்.
அந்தச் சின்னப் பொய்யை நேரத்தால் பெருக்கி
திரும்பவும் நேரத்தால் பெருக்கினால்
பாலமென்ன, மலையும் நடக்கும்.

வடிகட்டி போட்டேன்.
அரை ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் வெட்டு.
பாலம் வீடு திரும்பியது.
லொறிக்கு மூன்று மில்லிமீற்றர், நல்ல பிள்ளையாக.
ஆனால் மெதுவாக நகர்ந்ததெல்லாம் வடிகட்டிக்குப் பொய்தான்.
வருடத்துக்கு ஒரு விரல் புதைகிற தூணும்
இந்த வரைபில் அசையாமல் நிற்கும்.

சம்பூரிலிருந்து நாங்கள் வெளிக்கிட்டது இரண்டாயிரத்து ஆறில்.
கதிரவெளி. வாகரை. மட்டக்களப்பு.
பிறகு கிளிவெட்டி முகாம், தகரத்தின் கீழே.
பத்து வருடம் கழித்துச் சம்பூர்.
முகாமிலிருந்து போய் எழுதிய சோதனையில்
இந்தக் கணக்கு வந்தது:
தூரங்களைக் கூட்டு. தொடங்கிய இடத்துக்கே வந்தால்
இடப்பெயர்ச்சி பூச்சியம்.
ரீச்சர் சரி போட்டு இரண்டு புள்ளி தந்தார்.
பிரதேச செயலகத்தின் படிவத்தில் வேறு கேள்வி.
இடம்பெயர்ந்தவரா? ஆம். இல்லை.
பொருந்தாததை வெட்டிவிடவும்.

திரும்பிப் போனபோது சுவரில்லை, வேலியில்லை,
எல்லைக்கு நின்ற வேம்புமில்லை.
கிணறு மட்டும் இருந்தது.
கிணற்றுக்கட்டிலிருந்து காலால் அளந்துபோய்
இதுதான் குசினி என்று அம்மா நின்றாள்.
இன்னும் நாலடி தள்ளி என்றார் அப்பா.
இரண்டு பேரும் அன்று முழுக்கக் கதைக்கவில்லை.
தொடக்க நிபந்தனை தராமல்
தொகையீட்டில் விடை கேட்கக்கூடாது.
எங்களுக்கு ஒரு கிணறாவது தந்தார்கள்.

மூன்று மில்லிமீற்றரை நான் நம்பவில்லை.
ஜௌபர் மச்சானுடைய தோணியைக் கூப்பிட்டான்.
சேற்றில் இரும்புக் குழாயை இறக்கி
நுனியில் பென்சில் கட்டி
தூணில் வரைபுத்தாள் ஒட்டிக் காத்திருந்தோம்.
சீமெந்து லொறி ஒன்று வந்தது.
பென்சில் கீறியது.
அடிமட்டம் வைத்துப் பார்த்தான்: நாலு.
அலைக்குக் குழாயும் ஆடியிருக்கும்.
எது ஆடியது என்று தாளில் இல்லை.

மூன்று, ஒன்று கூடவோ குறையவோ,
என்று அறிக்கையில் எழுதினேன்.
குழாயைப் பிடுங்கவா என்று தோணியிலிருந்து கேட்டார்.
இருக்கட்டும் என்றோம் இரண்டு பேரும்.
நாளைக்கு வந்து பார்ப்போம்,
அதாவது அங்கேயே நிற்கிறதா என்று.